தொரையோடு சித்தாமூர் யாத்திரை

3-1-1971, ஞாயிறு

பிள்ளையார்பாளையத்துக் கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கைக் கை மறுபடியும் சரியில்லையாம். போன வாரம் தொளதொள என்று இருந்தது, இந்த வாரம் பிடிக்கிறது. "உன் கையை இங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போ, அளவு பார்த்துப் பார்த்துத் தைக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். ஊருக்கெல்லாம் பட்டு தைக்கிறேன். நான் மட்டும் நூல் புடவை. புழுவைக் கொன்று எடுத்த இழை நமக்கு ஆகாது. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டே உடுத்தாமல் இருக்க எங்கள் சமண நயினார் வீடுகளால்தான் முடியும்!

மத்தியானம் மண்டி பார்சுவநாதன் மாமா வந்தார். தை யாத்திரைக்கு ஆள் சேர்க்கிறார். வருஷா வருஷம் ஒரு பஸ் பேசி நம்மவர்களை ஏற்றிக்கொண்டு திருமலை, பொன்னூர் மலை, மேல்சித்தாமூர் என்று இரண்டு நாள் சுற்றிவிட்டு வருவார். அண்ணனும் அண்ணியும் போவார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்வேன். "வீட்டுக்கு ஒரு ஆளு வேணுமில்ல" என்பாள் அண்ணி. வீடு எங்கே எழுந்து ஓடிவிடப் போகிறது? அதற்கும் என்னைப்போல் நடக்கிற கால் இல்லை.

"மாமா, இந்த வருஷம் நானும் வரேன்" என்றேன்.

அண்ணி கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. மாமா வாசலுக்குப் போய், கையை நீட்டி, மேற்கே சூரியனுக்கும் கூரைக்கும் நடுவில் எத்தனை விரல் இருக்கிறது என்று அளந்தார். எதற்காவது பதில் தெரியாதபோது அவர் செய்வது இதுதான்.

"வரதுல ஒண்ணும் இல்லமா. பொழுதுதான் பிரச்சனை. நாப்பது பேரு வராங்க. எங்கனா ஒரு எடத்துல தாமசம் ஆயிடுச்சினா பொழுது சாஞ்சிடும். அப்புறம் அத்தனை பேரும் ராத்திரி பட்டினி."

விளக்கு வைத்த பிறகு வாயில் பருக்கை போடாத கூட்டம். தெரியாமல் ஒரு பூச்சி உள்ளே போனாலும் பாவம் என்று. அதை நான் தப்பு சொல்ல முடியாது, நானும் அதே கூட்டம்தான்.

ஆனால் தாமசம் என்றால் நான்தானா?

5-1-1971

மாமாவிடமிருந்து தகவல் இல்லை. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சாதம் போடுகிறாள். கைத் தையல் மெஷினைக் கொஞ்சம் வேகமாகவே சுற்றினேன். ஊசி உடைந்தது.

6-1-1971

கோபம் ஆறிவிட்டது. யோசித்துப் பார்த்தேன். எனக்கு என்னதான் வேண்டும்?

இளம்பிள்ளை வாதம் வந்தபோது ஆறு வயசு. அதற்குப் பிறகு எங்கே போனாலும் யாராவது தூக்கித்தான் போனார்கள். பதிமூன்று வயசில் திருப்பருத்திக்குன்றம் கோயிலில் சித்தப்பா தோளில் இருந்தேன். சுவாமியைப் பார்த்ததைவிட சித்தப்பாவின் கழுத்து வியர்வையைப் பார்த்ததுதான் அதிகம். பின்னால் வந்த பெண் பிள்ளைகள் என் பாவாடை விலகியதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றோடு சரி. இனிமேல் மூட்டை மாதிரி கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொன்னவள்தான். இப்போது முப்பத்தொன்று. பக்கத்தில் இருக்கும் அந்தக் கோயிலுக்குக்கூட அப்புறம் போகவில்லை.

போன சித்திரையில் அண்ணன் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் இருந்து சக்கர நாற்காலி வாங்கி வந்தான். ஏதோ வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்ததாம், கடைக்காரன் சொன்னது. அதனால் அதற்குத் தொரை என்று பெயர் வைத்தேன். மேலே ஒரு பூப்போட்ட உறை தைத்து மாட்டினேன். துரை காஞ்சிபுரத்துக்காரர் ஆகிவிட்டார்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். சித்தாமூர் கோயிலுக்குள் என் நாற்காலியில், நிமிர்ந்து உட்கார்ந்து, என் கண்ணால் பார்க்க வேண்டும். யார் தோளும் வேண்டாம்.

10-1-1971, ஞாயிறு

மாமா வந்தார், ஒரு நிபந்தனையோடு. "உன்னால ஒரு வேளை சாப்பாடு தவறிச்சினா, அடுத்த வருஷம் கேக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம். வேற யாரால தவறிச்சினாலும் இதே சட்டம்தானே மாமா?"

மாமா விரலால் சூரியனை அளந்துகொண்டே போய்விட்டார். அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தான்.

போகிறேன்! போகிறேன்! போகிறேன்!

15-1-1971, மாட்டுப் பொங்கல்

அண்ணன் அவன் கடையில் இருந்து பலகை கொண்டுவந்தான். லாரியில் நெல் மூட்டை ஏற்றுகிற பலகை. மூட்டையாகப் போகமாட்டேன் என்று சொன்னவளுக்கு மூட்டைப் பலகை! வாசற்படியில் வைத்துத் தொரையை ஏற்றி இறக்கிப் பழகினோம். முதல் தடவை நான் நேராகப் போய் மாட்டின்மேல் மோதினேன். மாடு நல்ல மாடு. கழுத்தில் மாலையோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது.

பஸ் டிரைவர் ஃபக்ருதீன் பாய் வந்து தொரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மேல ஏத்தி எறக்கினா நேரம் போவும்மா. பின்னாடி ஏணி இருக்குதுல்ல, அதுல வச்சிக் கட்டிடறேன். ஒரு முடிச்சு, அவ்ளோதான்." இப்படி யோசிக்கிற ஒரு ஆள் போதும்.

22-1-1971, வெள்ளி

நாளை விடியற்காலை பஸ். மத்தியானத்தில் இருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டேன். வழியில் ஒதுங்குவது மற்ற பெண்களுக்குப் பத்தடி தூரத்துக் காரியம். எனக்கு அது அண்ணி, இன்னொருத்தி, ஒரு புடவை மறைப்பு, அப்புறம் கடவுள் சித்தம். எப்படியும் இருட்டிய பிறகு தண்ணீர் குடிக்காத குலத்தில் பிறந்தேன். அதுவும் ஒரு விதத்தில் சௌகரியம்.

23-1-1971, சனி. திருமலை, பஸ்ஸுக்குள்

எல்லாரும் உள்ளே போயிருக்கிறார்கள். நான் பஸ்ஸில்.

இன்னா சொல்றது? கோயில் படிக்குப் பலகை போட்டாங்க. அண்ணன் பின்னாடி பிடிச்சிக்கினான், மாமா முன்னாடி. பாதிப் படி ஏறினேன். உறை எதிலோ மாட்டி டர்ருன்னு கிழிஞ்சிது. உள்ளே பளபளன்னு பழுப்பா...

"அய்யய்யோ, தோலு!" என்று கத்தினாள் திரிசலா அத்தை, மாமாவின் சம்சாரம்.

தொரைக்குத் தோல் இருக்கை! முதுகும் தோல், பித்தளை ஆணி அடித்த மாட்டுத் தோல். வாங்கின அன்றைக்கே நான்தான் உறை போட்டு மூடினேன். அப்புறம் அது தோல் என்பதே எனக்கு மறந்துபோச்சு. எங்க வீட்டில் யாருக்குமே நினைவில்லை. மாட்டுத் தோலில் உட்கார்ந்துக்கினு தினமும் ஸ்லோகம் சொல்லிக்கினு இருந்திருக்கேன். பலகையைப் பத்தி யோசிச்சோம், ஏணியைப் பத்தி யோசிச்சோம், பொழுதைப் பத்தி யோசிச்சோம். உட்கார்ற எடத்தைப் பத்தி ஒருத்தரும் யோசிக்கலையே!

அதுக்கப்புறம் நடந்ததை நினைச்சா சிரிப்பு வருது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க ஆரம்பிச்சாங்க. மாமா கைக்கடிகாரத்துக்குத் தோல் வார். கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "பையில இருந்தா அது தோலு இல்லையா?" என்றாள் அத்தை. கடிகாரம் ஃபக்ருதீன் பாய் கைக்குப் போனது. பின்னாலேயே மூன்று மணிபர்ஸும் ஒரு பெல்ட்டும். பெல்ட்காரர் வேட்டியைப் பிடிச்சிக்கினே உள்ளே போனார். பாய் ஒரு கடையே விரித்த மாதிரி நிற்கிறார்.

அத்தைக்கே மனசு கேட்கவில்லை. "உறையைத் தச்சி மூடிக்கினு போயிடலாம் மதனா. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே. தெரியாமல் போயிருந்தால் வேறு. தெரிந்த பிறகு எப்படிப் போவது? "வேணாம் அத்தை. நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அண்ணன் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். அதற்கும் வேண்டாம் என்றேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே முரசு அடிக்கிறார்கள். அது மட்டும் என்ன, பூசணிக்காய்த் தோலா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாளைக்குச் சித்தாமூரும் இப்படித்தான் போகும். பஸ்ஸில் உட்கார்ந்து முரசுச் சத்தம் கேட்க இத்தனை தூரம் வந்தேனா? அழுகை வருது.

24-1-1971, ஞாயிறு, விடிந்ததும். வந்தவாசி

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

பஸ் திருமலையை விட்டுக் கிளம்பியதும் மாமா டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். வந்தவாசியில் நம்மவர் ஒருவருடைய நெல் கிடங்கில்தான் தங்கல். வாசலில் அடுப்பு மூட்டிச் சமையல் ஆரம்பித்தார்கள். பாய் காணாமல் போனார். அவருக்கு மாமியார் வீடு வந்தவாசிதான். கோரைப்பாய் நெய்கிற குடும்பம். திரும்பி வந்தபோது ஒரு கையில் கட்டிலுக்குப் பின்னுகிற நாடாச் சுருள், இன்னொரு கையில் புதுக் கோரைப்பாய்த் துண்டு.

"எங்க மாமியா உம்முசல்மா குடுத்தாங்கமா. முதுகுக்கு இத வச்சிக் கட்டலாம். உக்கார்ற எடத்துக்கு நாடா. நாடாவும் கோரையும் செடிலேர்ந்து வர்றதுதான், உங்க சாமி ஒண்ணும் சொல்லாது."

அப்புறம் ஸ்குரூ டிரைவரால் பித்தளை ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். தொரையின் தோல் உரிந்தது. நான் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் முதலில் நெடுக்காக நாடா சுற்ற வேண்டும், அப்புறம் குறுக்கே மேலும் கீழுமாக. பாவும் ஊடையும்தான். தெருவெல்லாம் தறி இருக்கிற ஊர்க்காரி, இது எனக்கு வராதா? நான் பின்னினேன். அண்ணி நாடாவை எடுத்துக் கொடுத்தாள். பிரச்சனை எதில் என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் நாடாவை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் மொத்தமும் தளர்ந்து தொட்டில் ஆகிவிடும்.

இழுத்துப் பிடித்தவர் மாமா. தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தொரையின் மேல் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. மண்டியில் மூட்டைக்கு விலை சொல்லும் மனிதர், நேற்று மூட்டை தூக்குகிறவரை விட அதிகமாக வியர்த்தார்.

சமையல் ஆனது. இலை போட்டார்கள். அத்தை கூப்பிட்டாள். அண்ணியை நான்தான் துரத்தி அனுப்பினேன். பாதிதான் முடிந்திருந்தது. கிடங்குக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

"மாமா, பொழுது சாயுது. விடுங்க. காலைல பாத்துக்கலாம்."

"காலைல விடிஞ்சதுமே பஸ்ஸு கெளம்பிடும். இப்ப விட்டா மொத்தமும் தளந்துடும். பின்னு."

"சாப்பாடு தவறிடும் மாமா."

"பின்னுன்னு சொல்றேன்ல!"

இரண்டு கையிலும் நாடா. விரலால் சூரியனை அளக்க அவருக்குக் கை இல்லை. நான் பின்னினேன். கடைசி முடிச்சை ஃபக்ருதீன் பாய் போட்டபோது வாசலில் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

மாமா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். இலைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். தண்ணீர்கூட இல்லை. நானும்தான். அத்தை ஃபக்ருதீன் பாய்க்குச் சாதம் கொண்டுவந்தாள். "பெரியவரு சாப்பிடாம நான் எப்படிமா?" என்று அவர் தயங்க, படுத்த இடத்தில் இருந்தே மாமா, "யோவ், எனக்குத்தான் சட்டம், உனக்கு இல்ல. சாப்புடு, நாளைக்கு நீதான் வண்டி ஓட்டணும்" என்று அதட்டினார்.

சாப்பாடு தவறிவிட்டது. என்னால்தான். நிபந்தனை நிபந்தனைதான். அடுத்த வருஷம் இல்லை. இன்று சித்தாமூர் உண்டு. அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பஸ் ஹாரன் அடிக்கிறது.

25-1-1971, திங்கள். வீட்டில்

உடம்பெல்லாம் வலி. மனசு துள்ளுகிறது.

நேற்றுக் காலை முதலில் பொன்னூர் மலை. அங்கே ஏராளமான படி. எனக்கு வருத்தமே இல்லை, மலைக்குப் பலகை போட முடியாது. ஆச்சரியம் என்னவென்றால், "மதனா தனியா இருப்பாளே" என்று சொல்லிக்கொண்டு ஏழெட்டுப் பேர் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் முட்டி வலிக்காரர்கள்! இத்தனை வருஷமாக வாய் திறக்காமல் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்களாம். வேட்டியைப் பிடித்துக்கொண்டு போன பெல்ட்காரர் இருந்தார், திரிசலா அத்தையும் இருந்தாள். பொரி தின்றுகொண்டு ஊர்க்கதை பேசினோம். அத்தைக்கு இத்தனை கதை தெரியும் என்று எனக்குத் தெரியாது. சிரித்துச் சிரித்து விலா நொந்தது.

மத்தியானம் சித்தாமூர்.

கோபுர வாசலில் பெரிய நிலைப்படி. பலகை போட்டார்கள். அண்ணன் பின்னால் நின்றான். மாமா எனக்கு முன்னால் நடந்து, வழியில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "நவுருங்கபா, நவுருங்க, ஆளு வருது" என்று குரல் கொடுத்தார். 'ஆளு வருது.' இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாப்பா வருது, பாவம் வருது, வழி விடு, தூக்கிக்கினு வராங்க. இப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

உள்ளே தரை வழவழவென்று நல்ல கல். அண்ணனைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு நானே சக்கரத்தைத் தள்ளினேன். புது நாடா ஒவ்வொரு தள்ளலுக்கும் கிறீச் கிறீச் என்றது. தலையை அண்ணாந்து, ஒற்றைக் கல்தூணாக நிற்கும் மானஸ்தம்பத்தை உச்சிவரைக்கும் பார்த்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். தூக்கிக்கொண்டு நிற்கிறவருக்குக் கை வலிக்குமே என்ற கவலை இல்லை. பிராகாரத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நானே வளைத்துப் போனேன்.

சந்நிதியில் பார்சுவநாதர், தலைக்கு மேல் நாகம் படம் விரித்து நிற்கிறது. நேருக்கு நேராகப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமில்லாமல் அழுதேன். சந்தோஷத்தில் அழுதால் மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறது என்பதும் தெரிந்துகொண்டேன்.

அங்கேயும் முரசு அடித்தார்கள். கிட்டே இருந்து கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது வழியில் புளியமரத்தடியில் சீக்கிரமாகவே சாப்பாட்டை முடித்துவிட்டோம். வெயில் இருந்தது. மாமா மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். முந்தின நாள் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரே.

14-2-1971

திருப்பருத்திக்குன்றம் போய்விட்டு வந்தேன். அண்ணியும் நானும் தொரையும். பதினெட்டு வருஷம் கழித்து.

9-1-1972, ஞாயிறு

ஒரு வருஷம் நன்றாக ஓடிவிட்டது. இப்போது கழுத்து வரைக்கும் கல்யாண ஜாக்கெட். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரே முகூர்த்தம், தை மாசம் இருபத்தாறாம் தேதி வாக்கில் — இல்லை, இங்கிலீஷ் தேதி இருபத்தாறு. தலை சுற்றுகிறது.

சாயங்காலம் பார்சுவநாதன் மாமா வந்தார். நிலைப்படியில் நின்றபடியே, "இருவத்திரெண்டாந் தேதி பஸ்ஸு. விடிகாலைல ரெடியா இருமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஒரு வருஷமாக அந்த நிபந்தனைக்குத்தான் பயந்துகொண்டு இருந்தேன். "மாமா, நிபந்தனை? என்னால ஒரு வேளை சாப்பாடு தவறிச்சே."

"யாருக்குத் தவறிச்சி?"

"உங்களுக்குத்தான்."

"அன்னிக்கு சதுர்த்தசிமா. எனக்கு உபவாசம். உன்னால ஒண்ணும் தவறல."

முகத்தில் ஒரு சலனம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும், அன்று சதுர்த்தசி இல்லை. சதுர்த்தசி அமாவாசைக்கு முந்தின நாள்தானே, அன்று அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மண்டியில் ஒரு படி நெல்லுக்குப் பொய் சொல்லாத மனிதர், பொய் சொல்வது பாவம் என்று எல்லாருக்கும் உபதேசம் செய்கிறவர், என் வீட்டு நிலைப்படியில் நின்று எனக்காகப் பச்சைப் பொய் சொன்னார்.

சந்தோஷத்தில் 'வரேன் மாமா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் மெஷின்மேல் குவிந்திருந்த பட்டு கண்ணில் பட்டது.

"இருவத்திரெண்டு என்னால முடியாது மாமா. கல்யாண ஜாக்கெட்டு நெறைய கெடக்குது. வேலை இருக்குது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என்ன தைரியம்! இத்தனை வருஷம் நான் போகாததற்குக் கால்தான் காரணம். வேலை இருக்கிறது, முடியாது என்று நானாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வர மாட்டியா?" என்றார். விரலைக்கூட நீட்டாமல் போய்விட்டார்.

ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொள்ளப் போகிறேன். ஆனாலும் வேலை வேலைதான்.

12-1-1972, புதன்

பஸ் இருபத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிப்போய்விட்டது. அண்ணி கடைத்தெருவில் கேள்விப்பட்டு ஓடிவந்து சொன்னாள். காய்கறி வாங்க மறந்துவிட்டாளாம்.

ஏன் தள்ளினீர்கள், எல்லாம் முடிவான பிறகு நாற்பது பேரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா என்று இரண்டு மூன்று பேர் மாமாவைக் கேட்டார்களாம். அவர் சொன்ன பதில் ஒன்றுதானாம்: "மதனாவுக்கு வேலை இருக்குதுபா."